திமிங்கலத்தின் தொடையெலும்பு

வரைபடத்தை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மூன்றாவது முறையாகக் கேட்டாள் மகள். "அப்பா, இது கலங்கரை விளக்கம். இங்கருந்து எந்தப் பக்கம்?"

அவர் பார்வை வரைபடத்தில் நிற்கவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"விட்டுத் தொலையேன்," என்றான் அண்ணன். "மனுஷன் போற நேரத்துல..."

"நாளைக்குக் காலைல அந்தக் கரைல தடுப்புச் சுவருக்குக் கான்கிரீட் கொட்றாங்க. அப்புறம் யாரைக் கேக்கறது, உன்னையா?"



அப்பா அருங்காட்சியகத்தில் எலும்பு பொருத்துகிறவர். கரை ஒதுங்கும் திமிங்கலத்தை மணலில் புதைத்து, சதை மக்கியபின் தோண்டி எடுப்பார். ஆறு வருடத்துக்கு முன் ஒதுங்கியது பறவை அலகுபோல வாய் நீண்ட, உலகத்திலேயே நாலைந்து பேர்தான் பார்த்திருக்கும் இனம். அதன் இடுப்புச் சதைக்குள் கையை விட்டவருக்குத் தொடையெலும்பு தட்டுப்பட்டது. திமிங்கலத்தின் முன்னோர்கள் நாலு காலில் நிலத்தில் நடந்தவை. கடலுக்குள் போனபின் பின்னங்கால் தேய்ந்து, உள்ளே சில துண்டெலும்புகளே மிச்சம். இதுவோ முழங்கால் மூட்டோடு ஒரு சாண் நீளம்.

அலை ஏறிக்கொண்டிருந்ததால் படம்கூட எடுக்காமல் அவசரமாகப் புதைத்தார்கள். "அடுத்தது செருப்பு மாட்டிக்கிட்டு வரும்" என்று அலுவலகமே சிரித்தது. கால்காரர் என்று பெயரும் வைத்தது. எலும்புத் திருடர்களுக்குப் பயந்து அவர் இடத்தை எங்கும் எழுதவில்லை. நட்டுவைத்த கல்லைப் புயல் கொண்டுபோயிற்று. கூடத் தோண்டியவர்கள் மூலைக்கொருவராகப் பிரிந்துபோனார்கள். தோண்ட அனுமதி வந்தபோது அவர் படுத்த படுக்கையாகியிருந்தார். கால்காரராகவே அவரை அனுப்பிவைக்க மகளுக்கு மனம் ஒப்பவில்லை.

அவர் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தாள்.

"தண்ணி."

"தர்றேன்ப்பா. மொதல்ல இடத்தச் சொல்லிடுங்க."

"தண்ணி வேணும்."

"ஒரே வார்த்தைப்பா. சொன்னா தர்றேன்."

அவர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். மேலதிகாரிக்குப் பதில் சொல்வதுபோல, அடக்கமாக, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார். "தெக்க... நாப்பது அடி. படகுக் கொட்டாய்... செவுத்துக்கு நேரா."

எழுதினாள். அவசரத்தில் நாற்பது கோணலாக விழுந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதி, தப்பாகிவிடக் கூடாதே என்று வாய்விட்டுப் படித்தும் பார்த்தாள். பிறகுதான் டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அண்ணன் அப்பாவின் கண்களை மூடிக்கொண்டிருந்தான்.

குறித்த இடத்தை அருங்காட்சியகத்துக்குப் போனில் படித்துச் சொல்லியிருந்தாள். மாலை ஐந்து மணிக்கு அருங்காட்சியக இயக்குநர் கடற்கரையிலிருந்து கூப்பிட்டார். பின்னால் மண் அள்ளும் இயந்திரத்தின் இரைச்சல். "கெடச்சிருச்சும்மா. ரெண்டு பக்கமும் காலெலும்பு இருக்கு. அப்பா சொன்னது அத்தனையும் நெசம். நாங்கதான் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கணும். பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்க. கடைசியா அவர் என்ன சொன்னார்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

"தண்ணி கேட்டார்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு, பஞ்சை நனைத்து அப்பாவின் வெடித்த உதடுகளில் பிழிந்தாள். நீர் உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. மறுபடி நனைத்தாள். அண்ணன் தடுக்கவில்லை, டம்ளர் காலியானதும் எடுத்துப்போய் நிரப்பிக்கொண்டு வந்தான்.