கொமாண்டரின் ஒன்பதாவது தம்பி

புயலில் கவிழ்ந்த படகிலிருந்து பதினேழு மீனவர்களைக் காப்பாற்றியதால் கடற்படை கொமாண்டர் தவராசாவின் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அதன்பிறகு லீவு கிடைத்தால் போதும், கரவனெல்லவுக்குப் பக்கத்திலுள்ள தான் பிறந்த றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லய வீடுகளிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு வந்துவிடுவார். மனுசன் கடலில் இருந்த நேரத்தைவிட அங்கே வாங்கில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம்.

இந்த முறை அவர் கூட்டிவந்தவருக்கு அரசாங்கத்தில் காவலாளி வேலை வேண்டுமாம். கொமாண்டர் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தை லிகிதர் விஜயகலா வாசித்தாள். ‘என் சொந்தத் தம்பி’ என்றிருந்தது.

“சேர், இவரு உங்களுக்கு ஒன்பதாவது தம்பிங்க. ஒவ்வொருத்தருக்கும் அப்பா பேரு வேற வேறயா இருக்கே?”

புயலுக்கு அஞ்சாதவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

“எல்லாரும் ஒரே லயத்துல பொறந்தோம்மா. சின்னதிலேருந்து தம்பின்னு கூப்பிட்டவன, இங்க வந்து யாரோன்னு எப்புடி எழுதுறது?”

விஜயகலா சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிதத்தைக் கோப்பில் வைத்தாள். பிறகு கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நானும் உங்க தோட்டத்துக் கீழ் லயத்து நாகலிங்கம் மகதாங்க. கேகாலைக்கு ஒரு இடமாற்றம் கேட்டு மூணு வருசமாச்சு. மினிஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் குடுங்கண்ணே.”