சுத்தக் கொட்டகை

யார் முதலில் வந்து சொன்னார்கள் என்பது இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர்தான் முதலில் சொன்னார், குட்டி டாக்டர் பிறகு சொன்னாள் என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். சமீபத்தில் ஒரு மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, இல்லை, அவள்தான் முதலில் வந்தாளோ என்று தோன்றியது. தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். வேறு யாருக்கும் இதில் ஒன்றுமில்லை. எனக்குத்தான் வரிசை மாறினால் எல்லாமே மாறிவிடுகிறது.

நாங்கள் மூவரும் பன்றிகளுக்கு வரும் ஒரு காய்ச்சலை ஆராயும் நிலையத்தில் இருந்தோம். அந்த வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது. பண்ணைக்குள் நுழைந்தால் பன்றிகளில் ஒன்றையும் மிச்சம் வைக்காது. அதற்கான தடுப்பூசியைச் சோதித்துக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் கால்நடை மருத்துவர், கொட்டகைகள் அவர் பொறுப்பு. அவருக்கு உதவியாகத் தற்காலிக வேலையில் சேர்ந்த இளம் மருத்துவர் அவள். பன்றிக்குட்டிகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடப்பதால் குட்டி டாக்டர் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. நான் வெளியே ஆய்வகத்தில், அவர்கள் அனுப்பும் ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பவள். கொட்டகைக்குள் போக எனக்கு அனுமதி இல்லை.

உள்ளே போகிறவர்கள் தங்கள் உடைகளை மொத்தமாகக் களைந்து, குளித்து, நிலையத்தின் உடையை மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போதும் குளியல். ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒரே பச்சை சோப்புதான் வைத்திருப்பார்கள், மருந்து நெடியடிக்கும். சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஈரத்தலையோடு வருவார். காரில் அந்த வாசனை நிறைந்திருக்கும். மறுநாள் ரத்தக் குப்பிகளை என் மேசையில் வைக்கக் குட்டி டாக்டர் குனிவாள். அதே வாசனை. சோப்புதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் குப்பிகளை முதலிலிருந்து மறுபடி எண்ணுவேன்.

நடைவழியின் கோடியில் கொட்டகையைப் பார்க்க ஒரு கண்ணாடிச் சன்னல் இருந்தது. இடைவேளையில் அங்கே போய் நிற்பேன். ஒரே வெள்ளை உடை, ஒரே முகமூடி. உயரத்தை வைத்துத்தான் அடையாளம். அவள் குட்டியைப் பிடிக்க, அவர் ஊசியை இறக்குவார். பேச்சு கேட்காது. இருவரும் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பியதில்லை. அதையும் நான் மனதில் குறித்து வைத்துக்கொள்வேன்.

"இன்னிக்கு உங்க குட்டி டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று ஒருநாள் காரில் கேட்டேன்.

"அதென்ன உங்க? ஊருக்கே அவ குட்டி டாக்டர்."

"ஊரு தினம் குளிச்சிட்டு வர்றதில்லையே."

அவர் சிரித்துவிட்டார். "அந்தப் பன்னிங்ககூட இவ்வளவு மோப்பம் பிடிக்காதும்மா."

நானும் சிரித்தேன். கார்க் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டேன்.

சோதனையில் ஒரு கொட்டகைக் குட்டிகளுக்கு எதுவும் போடுவதில்லை. ஊசியும் இல்லை, வைரஸும் இல்லை. மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருப்பவை. சுத்தக் கொட்டகை என்போம். காலையில் முதலில் அங்கே போக வேண்டும், பிறகுதான் வைரஸ் செலுத்திய குட்டிகள் இருக்கும் நோய்க் கொட்டகை. நோய்க் கொட்டகையில் கால் வைத்தவர் நேரே குளியலறைக்குத்தான் போகலாம். என்ன ஆனாலும் திரும்பிப் போகக் கூடாது.

சுத்தக் கொட்டகைக் குட்டி ஒன்றின் ரத்தத்தில் வைரஸ் இருந்தது. கருவியின் திரையில் கோடு தட்டையாக ஓட வேண்டிய இடத்தில் மேலே ஏறியது. மறுபடி செய்தேன். மறுபடி ஏறியது. "சுத்தக் கொட்டகையிலேருந்து இன்னொரு தடவை ரத்தம் வேணும்" என்று உள்ளே சொல்லி அனுப்பினேன். எதற்கென்று சொல்லவில்லை. அவர்களுக்கே புரிந்திருக்கும்.

அவர் கார் அருகில் நின்று சொன்னார். "ஒரு குட்டியோட கால் கம்பியில மாட்டிக்கிச்சு. கத்துன கத்துல எல்லாத்தையும் மறந்துட்டு நான்தான் திரும்பி ஓடினேன். அவளுக்குத் தெரியாது."

"அவளுக்குத் தெரியுமான்னு நான் கேக்கவே இல்லையே" என்றேன். அவர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஆய்வகக் கைகழுவும் தொட்டி அருகே சொன்னாள். அழுதிருந்தாள். "அக்கா, நான்தான் போனேன். கால் மாட்டிக்கிட்டு அப்படிக் கத்துச்சு. சார் பேர மட்டும் சொல்லிடாதீங்க."

பேசி வைத்துக்கொண்டிருந்தால் ஒரே ஆள்தான் பழியை ஏற்றிருப்பார். பேசி வைக்கவில்லை. மற்றவருக்குத் தெரியாமல் தனித்தனியாக முடிவு செய்து வந்திருக்கிறார்கள். அதுதான் என்னை அறுத்தது. ஒருவர் உண்மை சொல்கிறார், ஒருவர் மற்றவருக்காகப் பொய் சொல்கிறார். பொய் அவளுடையது என்றால் தாங்கிக்கொள்வேன். அழுத முகத்தோடு அவள் போவதைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் வந்திருந்தால்? எனக்காக அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அதற்குத் தேவை வராமலே நான் ஒழுங்காக வாழ்ந்துவிட்டேன்.

துறைத்தலைவர் முடிவுத்தாளைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது?" என்றார்.

"ரெண்டு பேரும் நான்தான்ங்கறாங்க சார்."

"நல்ல ஜோடிதான் போ" என்று சிரித்தவர், நான் யார் என்பது நினைவு வந்ததும் தாளைத் திருப்பி வைத்து, அதன் வெற்றுப் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார்.

உண்மையில் யார் என்று வீட்டில் நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார்.

எல்லாப் பன்றிகளையும் ஊசி போட்டுக் கொன்றார்கள், நோய் தொடாதவற்றையும் சேர்த்து. அடுத்த வருடம் புதுக் குட்டிகளோடு சோதனை முதலிலிருந்து நடந்தது. தடுப்பூசி பாதிக்குப் பாதி வேலை செய்தது. துறைத்தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். குட்டி டாக்டரின் வேலையை நீட்டிக்கவில்லை. மாட்டுப் பண்ணை ஒன்றில் சேர்ந்தாள், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். புது வருடத்துக்கு எங்கள் இருவர் பெயரையும் போட்டு வாழ்த்து அனுப்புகிறாள். என் வீட்டுக்காரரை அலுவலக வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கொட்டகையில் ஆள் குறைந்ததால் நான் பயிற்சி எடுத்து உள்ளே போனேன், இன்னும் போகிறேன். இப்போது ஈரத்தலையோடு வருபவள் நான்தான். இடைவேளையில் அவர் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறார் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். உள்ளே விளக்கு வெளிச்சம் அதிகம், வெளியே நடைவழி இருட்டு. நான் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் கண்ணாடியில் என் முகமூடியும், கையில் பிடித்திருக்கும் குட்டியும்தான் தெரிகின்றன.