திறக்காத பக்கத்துக்கு வந்த வாழ்த்துகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. இணையதளம் செய்யப் புதிதாகக் கற்கிறவர்களுக்கு நாலு நடைமுறைக் குறிப்புகள் எழுதித் தாருங்கள் என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு, செங்கல்பட்டில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் குறிப்பு இப்படித் தொடங்கியது:

நீங்கள் செய்த பக்கத்தை உங்கள் கணினியில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். ஏனெனில்

அவ்வளவுதான். அந்த 'ஏனெனில்'லுக்குப் பின்னால் ஷஃபானா வந்து நின்றுகொண்டாள். நகரவே இல்லை. (வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன். இந்தக் கதை முழுக்க அதன் மிச்சம்தான்.)

2

ஷஃபானாவுக்கு மாமல்லபுரம். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, ரஹ்மத்துல்லா, சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு சைக்கிளும் ஸ்கூட்டரும் வாடகைக்கு விடுகிறவர்.

மாமல்லபுரம் என்றதும் என் கை தானாகக் கடலை வர்ணித்து ஒரு பத்தி எழுதிவிட்டது. அடித்துவிட்டேன். இந்தக் கதை நடந்த அன்று முழுக்க அவள் பார்த்துக்கொண்டிருந்தது லேப்டாப் திரையை. கடல் அது பாட்டுக்குக் கிடந்தது.

செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் போய் வந்து வெப் டிசைன் படித்து முடித்திருந்தாள். விண்ணப்பித்த இடங்களில் பாதிப்பேர் பதில்கூடப் போடவில்லை. கடைசியில் ஒரே ஒரு கம்பெனி, சான்றிதழ் வேண்டாம், நீங்களாகச் செய்த ஒரு தளத்தின் லிங்க்கை இன்று மாலைக்குள் அனுப்புங்கள், பார்க்கிறோம் என்றது. இந்த வேலை கிடைக்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதுபோல வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை.

அத்தாவின் கடைக்கே ஒரு பக்கம் செய்தாள். வண்டிகளின் படம், வாடகை, கீழே 'புக் செய்க' என்று ஒரு பட்டன். பட்டன் வேலை செய்யவில்லை. பதறிப்போய் ஒரே நேரத்தில் பல இடங்களை மாற்றினாள். நன்றாக இருந்ததும் கெட்டுப்போனது. (புதியவர்களே, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் போதும். சிவப்பில் பிழைச்செய்தி வந்தால் பயப்படாமல் முதல் வரியைப் படியுங்கள், எந்த வரியில் தப்பு என்று அதுவே பெரும்பாலும் சொல்லிவிடும். பத்திரிகைக்காரர் கேட்டதற்கு இதையாவது கொடுத்துவிடுகிறேன்.)

ஒருவழியாகப் பட்டன் வேலை செய்தது. பிரவுசரின் மேலே இருந்த முகவரியைக் காப்பி செய்து குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டாள். அந்த முகவரி 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தொடங்கியது.*

வாழ்த்துகள் குவிந்தன. அத்தா மாஷா அல்லாஹ் என்றார். திருவிடந்தையில் இருக்கும் அவருடைய தங்கை ஃபைஸா, கண் பட்டுவிடப்போகிறது என்று எழுதினாள். அவள் மகன் ஹுசைன், கலர் சூப்பராக இருக்கிறது என்றான். ஷஃபானா பூரித்துப்போய் அதே லிங்க்கை வைத்துக் கம்பெனிக்கு மெயில் எழுத உட்கார்ந்தாள்.

* லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'இந்தக் கணினியிலேயே' என்று பொருள். ஊரையே விருந்துக்கு அழைத்துவிட்டு, விலாசம் என்ற இடத்தில் 'நம்ம வீடு' என்று எழுதிக் கொடுத்த மாதிரி. படிக்கிறவர்கள் எல்லாம் அவரவர் வீட்டுக்குத்தான் போவார்கள்.

3

இங்கே தமிழ்ச்செல்வி வருகிறாள். வகுப்புத் தோழி, படாளத்து விவசாயக் குடும்பம், இப்போது மதுராந்தகத்தில் ஒரு அரிசி ஆலையில் பில் போடுகிறாள். தனியாக அவளுக்கும் லிங்க் போயிருந்தது. லிங்க் திறக்கவில்லை, பார்த்து அனுப்பு என்று அவளிடமிருந்து பதில் வந்தது. வாழ்த்து இல்லை, ஒரு சிரித்த முகம்கூட இல்லை.

முதல் பிரதியில் இவளைப் பொறாமைக்காரியாக எழுதியிருந்தேன். கதைக்கு வசதி. ஷஃபானாவுக்கும் அப்படித்தான் பட்டது. கோளாறு உன் போனில்தான், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் திறந்தது என்று சுருக்கென்று பதில் போட்டாள். வேறொருத்தியாக இருந்தால் எக்கேடோ கெட்டுப்போ என்று விட்டிருப்பாள். தமிழ்ச்செல்வி போன் செய்தாள்.

"எல்லாரும்னா யாரு? உங்க அத்தா போன வாங்கி நீயே பாரு. நா வெக்கல, லைன்லயே இருக்கேன்."

ஷஃபானா கடைக்கு நடந்தாள். போனைக் கேட்டதும் அத்தா கொடுக்காமல் தயங்கினார்.

"என் போனு பழசும்மா. அதுல எதுவும் சரியா தொறக்காது. நீ கஷ்டப்பட்டு செஞ்சிகினு இருந்தத பாத்தேன். நல்லாத்தான் இருக்கும்னு எழுதிட்டேன்."

திருவிடந்தைக்குக் கேட்டால் அங்கேயும் அதே கதை. ஃபைஸா தன் நெட்டைக் குறை சொன்னாள். கலரைப் பாராட்டிய ஹுசைன், தான் எங்கேயோ தப்பாக அமுக்கிவிட்டதாக நினைத்திருந்தான். பழியை ஆளுக்கு ஆள் தங்கள் மேலேயே போட்டுக்கொண்டு, பிள்ளையின் மனசு நோகக்கூடாதென்று வாழ்த்தியிருக்கிறார்கள்.

இங்கே அவளை அழவைக்கப் பார்த்தேன், முடியவில்லை. முகம் சூடாகி, வெட்கப்பட்டு, பிறகு சிரித்துவிட்டாள். இப்படிப்பட்ட மனிதர்களுக்கு நடுவில் பிறந்தோமே என்று நெஞ்சு நிறைந்தது. ஆனால் அந்த மெயில் போயிருந்தால் வேலையும் போயிருக்கும். அதுவும் உறைத்தது.

4

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மாலை நெருங்கிக்கொண்டிருக்கிறது. வகுப்பில் சொல்லிக்கொடுத்த இலவச இடம் ஒன்றில் பக்கத்தை ஏற்றினாள். இப்போது உண்மையான முகவரி கிடைத்தது. அத்தாவின் போனில் திறந்தது, ஆனால் படங்கள் வந்துசேர ஒரு யுகமானது. கேமராவில் எடுத்த படங்களை அப்படியே போட்டிருந்தாள். அளவைக் குறைத்து மறுபடி ஏற்றினாள். (வீட்டிலேயே பழைய போன் எதுவோ, அதில் பாருங்கள். அதில் ஓடினால் எதிலும் ஓடும்.) தன் போன் வீட்டில் இவ்வளவு முக்கியமானதாகும் என்று ரஹ்மத்துல்லா எதிர்பார்க்கவில்லை. சார்ஜ் போட்டுப் போட்டு நீட்டிக்கொண்டிருந்தார்.

ஆலையிலிருந்து தமிழ்ச்செல்வி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டன் மூலையில் இருக்கிறது, கட்டை விரல் எட்டவில்லை என்றாள். சிறிய திரையில் வாடகைத் தொகை பாதி வெட்டுப்படுகிறது என்றாள். பாராட்டு மட்டும் கடைசிவரை வரவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே மெயில் போய்ச் சேர்ந்தது.

5

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் வேலை கிடைக்கிறது, ரோஷன் பீவி, அதாவது ஷஃபானாவின் அம்மா, தெருவெல்லாம் இனிப்பு கொடுக்கிறாள். இன்னொன்றில், திறமை தெரிகிறது, அனுபவம் போதாது என்று மரியாதையாக மறுத்துவிடுகிறார்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். இரண்டும் நடக்கக்கூடியவை. எதையும் தேர்ந்தெடுக்க மாட்டேன். கம்பெனியின் பதில் அவள் போனில் திறக்காமல் கிடக்கிறது. அதில் இருப்பதை எழுதிக்கொள்வது உங்கள் பாடு.

எனக்குத் தெரிந்தது அதைத் திறப்பதற்கு முந்தைய சில நிமிடங்கள் மட்டும்தான். பதில் வந்திருப்பதைப் பார்த்ததும் ஷஃபானா அதைத் தொடாமல் தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டாள்.

"இன்னாடி, கெடச்சிடுச்சா?"

"இன்னும் பாக்கல."

"பின்ன இன்னாத்துக்குப் போன் பண்ண?"

"தொறக்கலன்னு சொன்னியே. நீ ஒருத்திதான் சொன்ன. நா எரிஞ்சி விழுந்தும் போன் பண்ணி, வெக்காம இருந்தியே, அதுக்கு. பதிலு எதுவா இருந்தாலும், இத மொதல்ல சொல்லிடணும்னு தோணிச்சி."

ஆலையின் இரைச்சலுக்கு நடுவே தமிழ்ச்செல்வி பில் கட்டை ஓரமாகத் தள்ளிவைக்கிற சத்தம் கேட்டது.

"சரி, தொற," என்றாள். "நா லைன்லதான் கீறேன்."