பின்பக்கமாகவே நடந்த பெண்

இந்தக் காலத்தில் யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறார்கள். வாசல் காவலாளி சிரிக்கிறான். கழிப்பறை எங்கே என்று கேட்டால் வரவேற்பறைப் பெண் சிரிக்கிறாள். காரணமில்லாமல் பல்லைக் காட்டுகிறவனிடம் பழைய லாரிகூட வாங்கக் கூடாது என்பது ஹோபர்ட்டின் கட்சி. கென்டக்கி மலையில் நிலக்கரி லாரி ஓட்டியே கிழவனானவர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். மகள் லோர்னாவை மருத்துவக் கல்லூரி நேர்முகத்துக்கு அழைத்து வந்திருந்தார். மூன்று வருஷமாக அவளும் விண்ணப்பம் போடுகிறாள். வா என்று கூப்பிட்டது இந்த ஒரு கல்லூரிதான்.

காலையில், நேர்முகத்துக்குக் கறுப்புக் கோட்டு போட்டு வந்திருந்தவர்களுக்குக் கல்லூரியைச் சுற்றிக்காட்ட ஒரு மாணவி வந்தாள். சிவப்பு மப்ளர் கட்டியவள். வந்தவர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாதாம். தாழ்வாரம் முழுக்க அவர்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து, சிரித்துப் பேசிக்கொண்டே போனாள். எதிலாவது முட்டிக்கொள்ளப் போகிறாள் என்று ஹோபர்ட் பார்த்தார். முட்டவில்லை. நன்றாகப் பழகியிருக்கிறாள்.

பிறகு அவர் புகை பிடிக்கக் கட்டடத்தின் பின்பக்கம் போனார். குப்பைத் தொட்டியருகே படிக்கட்டில் அதே பெண். பனி கொட்டுகிறது, மேலே கோட்டுகூட இல்லை, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிப்பெல்லாம் எப்படிம்மா என்று கேட்டார். சட்டென்று அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. ரொம்ப நல்ல இடம், எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி என்றாள். மூலை திரும்பும்போது ஹோபர்ட் எட்டிப் பார்த்தார். மறுபடியும் சுவர்தான்.

மதியச் சாப்பாடு முடிந்து லோர்னா வண்டிக்கு வந்தாள். இன்னும் ஒரு நேர்முகம் பாக்கி. வந்தவர்களோடு கல்லூரி மாணவர்களும் உட்காரும் சாப்பாட்டு வேளையில் அலுவலக ஆட்கள் எழுந்து போய்விடுவது வழக்கம். மாணவர்கள் மனம்விட்டுப் பேசட்டும் என்றுதான். அந்தச் சமயம் பார்த்து இவள் கேட்டிருக்கிறாள்: திரும்ப முதலிலிருந்து என்றால் இங்கேயே சேர்வீர்களா? அத்தனை பேரும் தட்டைப் பார்த்தார்களாம்.

"ஒருத்தர்கூட ஆமான்னு சொல்லலையா?"

"ஒருத்தன் சாலட் நல்லாருக்குன்னான்ப்பா."

சிரிக்க வேண்டிய விஷயம். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

"ஏறு. வீட்டுக்குப் போலாம்."

"போயி? மறுபடியும் மருந்துக் கடைல நிக்கவா? முப்பது தாண்டிருச்சுப்பா எனக்கு. இனிமே எவன் கூப்பிடப் போறான்?"

"இங்க உன்னைத் தின்னுருவாங்கடி."

"தெரியுதுப்பா."

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார். ஊரில் சுரங்கத்துக்குள் இறங்கினவர்களும் தெரிந்துதான் இறங்கினார்கள். இவளுக்காவது அது வேண்டாம் என்றுதான் படிக்க விட்டார்.

லோர்னா வண்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி முடியைச் சரிசெய்துகொண்டாள். அப்புறம் ஒருமுறை சிரித்துப் பார்த்தாள். அந்தச் சிவப்பு மப்ளர்க்காரியின் சிரிப்பு, அப்படியே.

ஹோபர்ட் வாசல்வரை கூடப் போனார். அவள் உள்ளே போய்விட்டாள். உங்கள் பெண்ணுக்கு இது ரொம்பப் பொருத்தமான இடம் சார் என்று காவலாளி சிரித்தான்.

"நீ சொல்லுவ" என்றுவிட்டு அவர் வண்டியைப் பார்த்து நடந்தார்.