வளையம் தெரிகிறதா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "முதல் முதலா டெலஸ்கோப் வாங்குறவங்களுக்கு ஒரு கட்டுரை வேணும் சார். எளிமையா, ரெண்டு பக்கத்துக்கு" என்றார். என் அக்கா டெலஸ்கோப் வாங்கியபோது கூடவே அலைந்தவன் என்பதால் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? வாயாலும் சரியென்று சொல்லித் தொலைத்தேன்.

எழுத உட்கார்ந்ததும் வந்த முதல் வரிகள் இவை:

"தொலைநோக்கி என்பது தொலைவில் உள்ள பொருட்களை" [பள்ளிக்கூட வாடை. வேண்டாம்.]

"நட்சத்திரங்கள் நம்மை அழைக்கின்றன, நாம்தான்" [யாரும் யாரையும் அழைக்கவில்லை. அடித்தாயிற்று.]

"அத்தான் பொய் சொல்கிறார் என்று அக்கா கண்டுபிடித்த சாயங்காலம், வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை."

மூன்றாவது வரியில் கை நின்றுவிட்டது. அதை எழுத வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, ஆனால் அடிக்கவும் மனம் வரவில்லை. ஆசிரியருக்கு அனுப்பிப் பார்த்தேன். "டெலஸ்கோப் கட்டுரையில அத்தான் எதுக்கு சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

2

கொடுத்த வாக்கை முதலில் காப்பாற்றுகிறேன். டெலஸ்கோப் வாங்கப் போகிறவர்களே, பெட்டியின் மேல் "அறுநூறு மடங்கு பெரிதாகத் தெரியும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எத்தனை மடங்கு என்பது பெரிய விஷயமே இல்லை. உள்ளே இருக்கும் கண்ணாடி எவ்வளவு அகலம், எவ்வளவு வெளிச்சத்தை அள்ளும் என்பதைத்தான் கேட்க வேண்டும். அடுத்தது, கால் ஆடக் கூடாது. மூச்சு விட்டாலே நடுங்குகிற முக்காலியில் வைத்துப் பார்த்தால் நிலாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது போல இருக்கும்.

இதெல்லாம் தெரியாமல் அக்காவின் பிறந்தநாளுக்கு அத்தான் வாங்கி வந்தது அப்படியொரு அறுநூறு மடங்குப் பெட்டிதான்.

அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அத்தான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். "நாள் பூரா குனிஞ்சு மைக்ராஸ்கோப்புலயே கெடக்குறா. ஒரு தடவையாவது நிமிந்து எதையாவது பாக்கட்டும்னு வாங்கினேன், மச்சான்" என்றார். அந்தக் காரணத்துக்காகவே அந்த ஓட்டைக் குழாயை வைத்துக்கொண்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அக்கா அதில் பார்த்துவிட்டு, "நிலா எங்க? ஏதோ கொசுவலை மாதிரி தெரியுது" என்றாள். மறுநாளே மூவரும் கடைக்குப் போய் மாற்றினோம்.

இரண்டாவதாக வந்தது ஆறு அங்குலக் கண்ணாடி வைத்த பருமனான குழாய். முக்காலி கிடையாது. தரையில் உட்காரும் மரப் பீடம். அதன்மேல் குழாயைக் கையால் தள்ளித் திருப்பிக்கொள்ளலாம். ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. அத்தான் அதை மாடிக்குத் தூக்கி வந்து இறக்கிவிட்டு, "ஏன்டா மச்சான், டெலஸ்கோப்னு சொல்லி வாட்டர் ஹீட்டர நம்ம தலையில கட்டிட்டானா?" என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

(இப்போது படித்துப் பார்த்தால் அத்தான் பாத்திரம் கொஞ்சம் அதிகமாகவே நல்லவராக வந்திருக்கிறார். குறைகள் வேண்டுமே என்று தேடினேன். கார்டு ஆட்டத்தில் திருட்டு வேலை செய்வார். குறட்டை விடுவார். அதற்குமேல் கிடைக்கவில்லை.)

3

பராமரிப்பு. இதில் முக்கால்வாசி, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான்.

முதல் வாரமே அக்கா மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு குழாய்க்குள் கையை விட்டாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியில் தூசி படிந்தால் படியட்டும். கொஞ்சம் தூசியால் எதுவும் மறைந்துவிடாது. துடைத்தால் விழும் கீறல்தான் போகவே போகாது. "நல்லா இருக்குடா. எங்க லேப்ல லென்ஸ துடைக்காம விட்டா என்னைத் துடைச்சு வெளிய போட்டுருவாங்க" என்று முனகிக்கொண்டே துணியை மடித்தாள். பார்த்து முடித்ததும் மூடி போடுங்கள், ஈரமாக இருந்தால் காயவிட்டுப் போடுங்கள். சூரியன் பக்கம் மட்டும் மறந்தும் திருப்பாதீர்கள்.

பிறகு ஆறவைப்பது. வீட்டுக்குள் இருந்த கண்ணாடி வெதுவெதுப்பாக இருக்கும். வெளிக்காற்றுக்கு அது பழகும்வரை எதைப் பார்த்தாலும் அலையடிக்கும். அரைமணி நேரமாவது வெளியே வைத்துக் காத்திருக்க வேண்டும்.

இந்த அரைமணியைப் பற்றி எந்தக் கையேட்டிலும் சரியாக எழுதவில்லை. வெயில் இறங்கிய மாடித் தரை உள்ளங்காலுக்கு இதமாக இருக்கும். வெளிச்சம் போவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருக்கும். குழாயின் வாயை எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு சிறு வட்ட வானம், வாளித் தண்ணீரில் தெரிவது போல. செய்ய வேலை இல்லை, போக இடம் இல்லை. அக்கா தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். அத்தான் வேன் பிள்ளைகளின் கதைகளைச் சொல்வார், யாருக்குப் பல் விழுந்தது, யார் தூக்கத்தில் அவர் தோளில் எச்சில் ஒழுகவிட்டது என்று. பேச்சு எங்கே நின்றது, நட்சத்திரம் எப்போது வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் மூவருக்கும் அந்த நேரத்தில் வயதே இருந்ததில்லை. அப்படியே இருந்திருக்கலாம், நன்றாக இருந்திருக்கும்.

4

பூமி சும்மா இருக்காது. மோட்டார் இல்லாத டெலஸ்கோப்பில் சனியைக் கொண்டுவந்து நிறுத்தினால், அது பாட்டுக்கு நகர்ந்து ஒரு நிமிடத்துக்குள் பார்வையை விட்டு வெளியே போய்விடும். மெல்லத் தள்ளிப் பின்தொடர வேண்டும்.

அன்றைக்கு அக்கா சனியைப் பிடித்துவிட்டாள். குட்டி முத்து, அதைச் சுற்றி ஒரு வளையம். சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தாள். "என்னங்க, வாங்க வாங்க, ஓடிப் போயிரும்!" அத்தான் வந்து குனிந்து, கண் வைக்கும் குழாயில் கண்ணை வைத்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"வளையம் தெரியுதா?"

"ஆஹா! என்னம்மா இது, வரைஞ்ச மாதிரியே இருக்கே!"

அவர் நகர்ந்ததும் அக்கா கண்ணை வைத்தாள். கறுப்பு. சனி எப்போதோ போய்விட்டிருந்தது.

(ஓர் அடிக்குறிப்பு, பக்கத்தின் அடிவரை காத்திருக்க முடியாததால் இங்கேயே: இந்தப் பொய்யை எல்லோரும் சொல்வார்கள். பின்னால் வரிசை நிற்கிறது, கூப்பிட்டவர் ஆசையாகப் பார்க்கிறார், தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? முதல் நாள் நானும் சொன்னேன்.)

அக்காவுக்கு அந்தப் பொய்யின் குரல் நன்றாகத் தெரியும். லேபில் புதிதாகச் சேருகிறவர்கள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து ஒன்றுமே தெரியாமல் "தெரியுது மேடம்" என்பார்களாம். அந்த அவசரத் "தெரியுது" அவளை ஏமாற்றாது. மறுநாள் வேண்டுமென்றே குழாயை வெற்று வானத்தில் திருப்பி வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள். அத்தான் பார்த்தார். "இன்னைக்கு வளையம் கொஞ்சம் சாஞ்சிருக்குல்ல?" என்றார்.

அக்கா என்னிடம் வந்து இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். "டேய், அவருக்கு நெஜமாவே கண்ணு தெரியலையோ?"

5

மங்கலான நட்சத்திரக் கூட்டத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் ஓரக்கண்ணில் வந்து நிற்கும். டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் பழகவேண்டிய வித்தை இது. இந்தக் கதையில் நானும் இவ்வளவு நேரம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இனி நேராகவே சொல்கிறேன்: அத்தான் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். அதில் என் மகளும் போகிறாள்.

இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் காகிதத்தை என் மேல் எறிந்தாள்.

"கண் டாக்டர்கிட்ட போவோமான்னு கேட்டதுக்கே ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாரு. வேனைப் புடுங்கிட்டா மனுஷன் என்னடா ஆவாரு? லீவு நாள்லயே அந்தப் பசங்களைத் தேடிட்டு உக்காந்திருக்காரு."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. உன் கதையிலயாவது அவரு கண்ணை நல்லா வைடா. உன் கையிலதானே இருக்கு?"

என் கையில் இருப்பது பேனா மட்டும்தான். இருந்தாலும் அவளுக்காக முயன்றேன்.

முடிவு ஒன்று. அத்தானுக்குக் கண் பளிச்சென்று தெரிகிறது. "நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. தெரியலைன்னு சொல்ல மனசு வரல, அதான்" என்கிறார். அக்கா அவர் தோளில் ஒன்று போடுகிறாள். [அக்கா இதை இரண்டு முறை படித்தாள்.]

முடிவு இரண்டு. கண்ணில் புரை. டாக்டர் "இதுக்கா இவ்வளவு நாள் பயந்தீங்க?" என்கிறார். ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து, ஒரு சாயங்காலம் அத்தான் தன் கண்ணாலேயே வளையத்தைப் பார்க்கிறார். [எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் இதற்கு அவர் முதலில் டாக்டரிடம் போக வேண்டும். "எனக்கென்ன, கழுகுக் கண்ணு" என்கிற மனுஷனை யார் அழைத்துப் போனார்கள் என்று எழுதாமல் நைசாகத் தாண்டிவிட்டேன்.]

முடிவு மூன்று. திங்கட்கிழமை காலை, பாலத்துக்குப் பக்கத்துத் திருப்பத்தில் வேன் [மாட்டேன். இதை எழுத மாட்டேன்.]

6

வெள்ளிக்கிழமை என் மகள் ஷூவைக் கழற்றி மூலைக்கொன்றாக எறிந்துவிட்டு வந்தாள்.

"அப்பா, இன்னைக்கும் நான்தான் ஜெயிச்சேன்."

"எதுல?"

"சிக்னல் போட்டில. பச்சை விழுந்துச்சுன்னு யாரு மொதல்ல கத்துறாங்களோ அவங்களுக்கு மாமா மிட்டாய் தருவாரு."

"தினமும் நடக்குமா இந்தப் போட்டி?"

"ஆமாப்பா. சிவப்புக்கும் உண்டு. மாமாதான் பாவம், ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல."

இதை நான் கற்பனையில் பிடித்திருந்தால் எழுத்தாளன் என்று மார்தட்டிக்கொண்டிருப்பேன். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பெரிய பிள்ளை ஆகிவிட்டேன் என்று திமிறினாள், நான் விடவில்லை.

(ஆசிரியர் மறுபடி போன் செய்தார். கட்டுரை என்ன ஆச்சு என்றார். நடந்துகொண்டிருக்கிறது என்றேன்.)

7

இன்று ஞாயிற்றுக்கிழமை. இதை மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே டெலஸ்கோப் ஆறிக்கொண்டிருக்கிறது. அக்கா அதன் பக்கத்தில், கால்களை நீட்டி, வானத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

மத்தியானம் நான் ஒரு காரியம் செய்தேன். கீழே அவர்கள் வீட்டுக் கதவோரம் மாட்டியிருந்த வேன் சாவியை எடுத்து வந்துவிட்டேன். என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. பாக்கெட்டில் குத்தியது. எடுத்து மேஜைமேல், வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தேன். சாவிக்கொத்தில் பிள்ளைகள் கட்டிவிட்ட சிவப்பு ரிப்பன் தொங்குகிறது. விளக்கு எரிகிறது.

படியேறி வரும் சத்தம். அத்தான். ஞாயிறு சாயங்காலம் வேனைக் கழுவி, நாளைக்குத் தயாராக நிறுத்துவது அவர் வழக்கம். கையில் ஈரத் துணி.

"மச்சான், வேன் சாவியப் பாத்தியா? மாட்டின எடத்துல காணோம்."

மேஜைக்கு முன்னால் வந்து நின்றுதான் கேட்டார். குனிந்து மேஜையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அக்கா எழுந்து அறை வாசலுக்கு வந்துவிட்டாள். சாவியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"மேஜை மேலதான் இருக்கு, அத்தான்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அட, ஆமா. இந்தா இருக்கே" என்றார், அதே அவசரத்தோடு. அவர் கை நீண்டது. பேனாவைத் தொட்டது. டம்ளரைத் தொட்டது. காகிதத்தின் ஓரத்தைத் தடவியது. தடவிக்கொண்டே ஏதோ ஜோக் சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

"என்னங்க" என்றாள் அக்கா.

அவர் கை நின்றுவிட்டது.

சாவியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். நாளைக் காலை வேன் போகாது, அதை மட்டும் நான் முடிவு செய்துவிட்டேன். ஆனால் "என்னங்க" என்பதற்குப் பிறகு வரவேண்டிய வாக்கியத்தை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. பத்து விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன், பத்தும் அவரைக் காயப்படுத்துகின்றன. அதனால் அதை உங்களிடம் தருகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது உங்கள் சந்தோஷத்துக்காகத் தெரியுது தெரியுது என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் நீங்கள் எப்படிச் சொல்வீர்களோ, அப்படி.

கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். அவர் எங்கள் அத்தான்.