பேரம் பேசாத கேப்டன்

பேரம் பேசுகிறவர்களைக் கண்டாலே வேணுகோபாலுக்கு ஆகாது. முள்ளிப்பட்டில் இரண்டு தறி போட்டுப் பட்டு நெய்து விற்கிற மனிதருக்கு இது கொஞ்சம் விலை கூடிய குணம்தான். என்ன செய்வது, பிறவிக் குணம். அதனால்தான் பழைய காரை விற்க நினைத்தபோது ஆரணி புரோக்கர்கள் பக்கமே போகவில்லை. வண்டியைக் கழுவி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்று விலை எழுதி ஆன்லைனில் போட்டுவிட்டார்.

கார் விற்ற காசில்தான் தறிக் கொட்டகைக்குக் கூரை மாற்றவேண்டும். போன ஐப்பசி மழையில் ஒழுகி, தறியில் கிடந்த ஒரு புடவையே பாழானது. இந்த ஐப்பசிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

மூன்றாம் நாள் ஒருவன் எழுதினான். கப்பல் கேப்டனாம், நார்வே பக்கம் நடுக்கடலில் இருக்கிறானாம். சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறானாம், சென்னையில் இருக்கும் அப்பாவுக்குப் பரிசாக. ஏஜெண்ட் வந்து வண்டியை ஓட்டிப் போவாராம்.

பார்க்காமல் எவனாவது கார் வாங்குவானா என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். வேணுகோபாலுக்கு அது தோன்றவே இல்லை. அவர் பிழைப்பே அப்படித்தான். சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கும் பெண்கள் போனில் புடவையைப் பார்த்துவிட்டு முன்பணம் போடுகிறார்கள், இவர் கூரியரில் அனுப்புகிறார். ஐந்து வருஷத்தில் ஒருத்தர்கூட ஏமாற்றியதில்லை. வெளிநாட்டுக்காரன் என்றால் நாணயஸ்தன் என்று மனுஷன் முடிவே கட்டியிருந்தார்.

மறுநாள் பேங்கிலிருந்து வந்ததுபோல ஒரு மெயில். உங்கள் பெயருக்கு இரண்டரை லட்சம் வந்திருக்கிறது, அதில் நாற்பதாயிரம் ஏஜெண்டுக்கு. முதலில் நீங்கள் அதை ஏஜெண்டுக்கு அனுப்பி ரசீதைக் காட்டினால், முழுப் பணமும் உங்கள் கணக்கில் ஏறும் என்றிருந்தது. வலிய வந்த சீதேவியை யாராவது உதைத்துத் தள்ளுவார்களா? கையில் நாற்பதாயிரம் இல்லை என்பதுதான் ஒரே இடைஞ்சல்.

மனைவி ரேணுகாம்பாளின் கழுத்துச் சங்கிலி அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. மற்ற நகையெல்லாம் பிறந்த வீட்டில் போட்டது. இது அவள் ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிய கூலியில் சீட்டுக் கட்டி, ஏழு வருஷம் கழித்து வாங்கியது. இரண்டே நாளைக்கு அடகு வைத்து மீட்டுவிடலாம் என்று அவர் இழுத்து இழுத்துச் சொன்னார்.

அவள் ராட்டையை நிறுத்திவிட்டுப் போனை வாங்கினாள். கேப்டன் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தரம் படித்தாள்.

"நம்ம லண்டன் அம்மா ஒரு புடவைக்கு உள்பக்கம் காட்டு, முந்தானைய காட்டு, ஜரிகைய வெயில்ல காட்டுன்னு வீடியோல ஒரு மணி நேரம் பேஜார் பண்றாங்க. இவரு ஒரு காருக்கு பானெட்டக்கூட தொறக்க சொல்லலியே?"

கப்பலில் வீடியோ கால் எடுக்காதாம் என்றார் அவர். அவள் சண்டைக்கு நிற்கவில்லை.

"சரி, விலைய அம்பதாயிரம் ஏத்தி கேளுங்க. மெய்யாலுமே வாங்கறவனா இருந்தா வயிறு எரிஞ்சி நாலு வார்த்த கேப்பான்."

பேசி முடித்த விலையை ஏற்றுவதா? அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் சங்கிலி வேண்டுமே, எழுதினார். அடுப்பில் டீத் தண்ணீர் கொதிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சரி, பரவாயில்லை, ஏஜெண்ட் பணத்தை மட்டும் இன்றைக்கே அனுப்புங்கள்.

வேணுகோபால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதாயிரத்தைத் தூக்கிக் கொடுக்கிறவன் நாற்பதாயிரத்துக்கு ஏன் இப்படிப் பறக்கிறான்? வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. ஆரணிக்குப் போய் பேங்கில் கேட்டார். பணமும் வரவில்லை, அந்த மெயிலும் எங்களுடையதில்லை, சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள் என்றார்கள். சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பெரணமல்லூரிலிருந்து ஜெயவேல் என்று ஒருவர் மெக்கானிக்கோடு வந்தார். தரையில் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். துரு என்றார், டயர் தேய்ந்துவிட்டது என்றார், எஞ்சினில் ஏதோ சத்தம் என்றார். ஆரணி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றரைக்குக் கேட்டார். முந்தின வாரமாக இருந்தால் வேணுகோபால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார். இப்போதோ அவர் குறை சொல்லச் சொல்ல இவருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இரண்டு மணி நேரம் இழுபறி. ஒன்று எண்பதுக்கு முடிந்தது. பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் சாவி கை மாறியது.

வண்டி தெரு முனையைத் தாண்டியதும் அவர் உள்ளே வந்தார். ரேணுகாம்பாள் தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உன் சங்கிலிய நான் கேட்டிருக்கக்கூடாது ரேணு."

"கேட்டது தப்பில்லிங்க. கேக்கங்காட்டிதான் நான் அத படிச்சேன்." அவள் ராட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. "கையிலயே நாப்பதாயிரம் இருந்திருந்தா, என்னை கேட்டிருப்பீங்களா?"

அவருக்குப் பதில் தெரியும். போனை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.