மாடியிலிருந்து வந்த சொல்

1

இந்தக் கதைக்கு விதை ஒரே சொல். ஒரு சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கும் பெண் "நாங்க" என்றாளாம். கேட்டவர்கள் முகம் மாறியதாம். என் காதுக்கு வந்தது இவ்வளவுதான். மீதியை நான் கட்டினேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "இயந்திரம் வந்திறங்கிய அன்று சலவைக்கூடமே மூச்சை..." வேண்டாம். இயந்திரம் தன்பாட்டுக்கு வரட்டும். கதை அவளுடையது.

2

போன மாதம்வரை அவளும் மடிக்கும் மேசைக்காரிதான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று, முனை பிடித்து உதறி, நெருங்கி வந்து மடிப்பார்கள். அவளுக்கு எதிர்முனை பிடித்தவள் நாத்தனார்.

இனி மடிப்பது இயந்திரம். அதை ஓட்டிப் பழக, மேசைக்காரர்கள் திங்கட்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வெளியாட்கள் வருவார்கள். மேசையோடு இவர்களும் போக வேண்டியதுதான். நாத்தனாரும்.

[இவளை ரொம்ப நல்லவளாக்குகிறேனோ? பதவி வந்ததும் செருப்பை மாற்றியிருக்கிறாள், டக்டக்கென்று சத்தம் வருவதாக. அது இருக்கட்டும்.]

3

எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினாள். சம்பளம் குறையாது, பழகும்வரை யாரும் திட்டமாட்டார்கள் என்றாள். தலைகள் ஆடின. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நாங்க நல்லா யோசிச்சுதான் இந்த முடிவுக்கு வந்திருக்கோம்."*

நாத்தனார் கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"நாங்கன்னா யாரு அண்ணி?"

"மேடம்னு சொல்லு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

* கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம. வாசலுக்கு வெளியே நிறுத்தினால் நாங்க. கதவைச் சாத்த ஒரு 'ங்க' போதும்.

4

தலைக்கனம் என்று இங்கேயே முடித்திருக்கலாம். முடிக்கத்தான் பார்த்தேன். ஆனால் அந்தச் சொல் அவள் வாய்க்கு எங்கிருந்து வந்தது?

அதனால் முந்தின நாளை எழுதிப் பார்த்தேன். மாடியில் மேலாளர் அறை. எதற்கு வம்பு, இயந்திரம் பழகிய வெளியாட்களையே எடுத்துவிடலாம் என்கிறார் அவர். அவள் நின்றுகொண்டே சொல்கிறாள்:

"வேண்டாம் சார். நாங்க கத்துக்குவோம்."

அவர் பேனாவை மூடி, திங்கட்கிழமைவரை பார்ப்போம் என்கிறார்.

மாடியில் சொன்ன 'நாங்க'வுக்குள் நாத்தனார் இருந்தாள். அதே சொல்லை இவள் அப்படியே கீழே கொண்டுவந்தாள். படி இறங்குவதற்குள் அதற்குள் இருந்த ஆட்கள் மாறிவிட்டார்கள்.

5

ஒரு முடிவு: மாடியில் நடந்ததை நாத்தனாரிடம் சொல்கிறாள், நாத்தனார் கண்கலங்கி... இல்லை. இவள் சொல்லிக்காட்டுகிறவள் அல்ல.

இன்னொன்று: வெளியாட்கள் வருகிறார்கள். நடக்கக்கூடியது. அதனாலேயே கை வரவில்லை.

எழுத முடிந்தது இதுதான். கூட்டத்துக்கு மறுநாள் காலை அவள் பழைய செருப்போடு வந்து, மேசையிலிருந்த ஒரு விரிப்பின் முனையை எடுத்தாள். எதிர்முனை தொங்கியது. நாத்தனார் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுப் பிடித்தாள். உதறினார்கள். மடிக்க நெருங்கி வந்ததில் முகத்துக்கு நேராக முகம்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே அண்ணி, சொல்லுங்க."

அவள் வாயெடுத்தாள்.

"நா—"

நான், நாங்க, நாம. மூன்றுக்கும் முதல் எழுத்து இதுதான். அடுத்த எழுத்தை நான் போடவில்லை. விரிப்பின் எதிர்முனை உங்கள் கையில் இருந்தால், உங்களுக்கு எது கேட்டிருக்கும்?